ஐந்தாவது இலை

கலயத்தின் உட்புறத்தில் விரல் தடம் இருந்தது.

தங்கச் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்து, ஆளேற்றும் கூண்டான கேஜில் மேலே வந்து, உடம்பெல்லாம் வெடிமருந்து வாடையோடு குடிசைக்குள் குனிந்து நுழைந்த கன்னியப்பன், கூழ்க் கலயத்தை வாசல் தட்டியின் இடுக்கில் விழுந்த காலை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தான். கழுத்தோரம் கூழ் ஒட்டிக் காய்ந்திருந்த இடத்தில் யாரோ நாலு விரலை விட்டு வழித்து எடுத்திருந்தார்கள். தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவனுடைய ஒரு விரலுக்குள் அதில் இரண்டு அடங்கிற்று.

குழந்தை இல்லாத வீடு அது. மூன்று பெற்று மூன்றையும் புதைத்த வீடு.

மங்கம்மா மூலையில் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தூங்கினாள். ஒன்பதாம் மாதம். அவளை எழுப்பவில்லை. கலயத்தில் தண்ணீர் ஊற்றி, தடம் போகும்வரை தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்தான். பசித்தது. ஆனால் அதற்குமேல் எதையும் தின்ன மனம் வரவில்லை.

மூன்று குழந்தைகளும் ஒரே மாதிரிதான் போயின. மங்கம்மாவுக்குப் பால் இல்லாமல் இல்லை, சேலை நனைந்து வழியும் அளவுக்குப் பால். குழந்தையும் குடிக்கும். குடித்த பால் எங்கே போகிறதென்று தெரியாது. நாற்பது நாளுக்குள் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி, கண் உள்ளே போய், கடைசியில் அழக்கூடச் சத்தில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடும். அப்படிப்பட்ட குழந்தைகளைக் கன்னியப்பன் முன்னாலேயே பார்த்திருக்கிறான். தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சித் தொட்டி வாசலில். அவனுக்கு அப்போது ஆறு வயது இருக்கும்.

சுரங்கக் கூலிகளின் குடிசை வரிசையான லைனில் இருப்பவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். உன் வீட்டுச் செத்தவங்களுக்கு யாரும் இலை போடல, அவங்க பசியோட கீறாங்க. புரட்டாசி அமாவாசைக்கு ஒவ்வொரு குடிசையிலும் அப்பன் பேர், பாட்டன் பேர், பஞ்சத்தில் போனவர்கள் பேர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படைப்பார்கள். கன்னியப்பன் குடிசையில் மட்டும் இலை விழாது. அப்பன் பேர் தெரியாதவன் யாரைக் கூப்பிடுவான்? அவனுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று. தன் பேர். கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு. ஒரு சட்டிக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவன் பக்கம் தள்ளிய ஒரு அக்கா.

அந்த வேரைத் தேடத்தான் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டான். மிஷன் கொட்டகையில் சாயங்காலப் பள்ளிக்கூடம் நடத்திய உபதேசியார் பர்னபாஸ் அவன் கையைப் பிடித்து எழுதவைத்தார். சுரங்கத்துக்குள் கல் ஏற்றிய டிராம் வண்டி தள்ளிக் காய்த்துப்போன விரலுக்குள் பலப்பம் நிற்காமல் நழுவியது. ஆறு மாதத்தில் பேர்களை மட்டும் எழுதத் தெரிந்தது. அது போதும் அவனுக்கு. குடியாத்தத்துக்காரர், ஆம்பூர்க்காரர், திருப்பத்தூர்க்காரர் என்று லைன் லைனாகப் போய், பஞ்சத்தில் தம்பியைத் தொலைத்த அக்கா யாராவது உண்டா என்று கேட்டு, சொன்ன பேரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவந்தான்.

"ரெண்டு வருசம் முன்ன சர்க்கார் ஆளுங்க வந்து தலை எண்ணினாங்களே, அந்தக் காயிதத்துல பாக்க முடியாதா உபதேசியாரே?" என்று ஒருநாள் கேட்டான்.

"நீ சொன்னதத்தானே அவன் எழுதினான்? தலைய எண்ணினா அப்பன் பேரு வந்துடுமா? எங்க கோயில் புஸ்தகத்துல பாரு, மூணு தலைமுறை கீது. நீ அப்பவே எங்க பக்கம் வந்திருந்தா உனக்கும் எழுதியிருப்பேன்."

"இன்னா பேர எழுதியிருப்பீங்க?"

"ஆபிரகாம்னு எழுதியிருப்பேன். எல்லாருக்கும் அவர்தானே அப்பன்" என்று பர்னபாஸ் சிரித்தார். கன்னியப்பனும் சிரித்தான். சிரித்துவிட்டு நோட்டை மடியில் செருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போனான்.

கடைசியில் வழி சொன்னது, பூதிகோட்டையிலிருந்து கேழ்வரகு கொண்டுவந்து விற்கும் பார்வதம்மா. படியால் அளந்துகொண்டே அவன் பேரைக் கேட்டவள் கையை நிறுத்தினாள்.

"எங்க ஊர்ல உங்க ஜனம் ஒருத்தி கீறா, தாயம்மான்னு. பஞ்சத்துல வந்து ஒண்டினவ. வருசா வருசம் அமாவாசைக்கு அஞ்சு இலை போட்டு, ஊரே கேக்கற மாதிரி பேர் சொல்லி அழுவா. அஞ்சாவது இலைக்குத் தம்பி பேரு. அது உன் பேருப்பா."

மங்கம்மா அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "அமாவாசைக்கு இன்னும் நாலு நாளு கீது. போயி கேட்டுக்கினு வாய்யா. உங்க அப்பா பேரு, ஆயா பேரு எல்லாம். விளக்கு வெக்கறதுக்குள்ள வந்தியானா நாமளும் இலை போட்டுடலாம். இந்த ஒண்ணாவது நிக்கட்டும்." அவன் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே ஒரு குதிகால் மெதுவாக அசைந்து போயிற்று.

அமாவாசையன்று விடிகாலை கேஜை விட்டு இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் அப்படியே நடந்தான். பங்காருபேட்டை ரயில் பாதையைத் தாண்டி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே வண்டித் தடத்தில் போய்ச் சேரும்போது வெயில் தலைக்கு ஏறிவிட்டது. ஏரிக்கரைக்குக் கீழே கற்பலகை வேய்ந்த ஒற்றை அறை வீடு. முருங்கைக்கீரை வதங்கும் வாசனை, கருவாட்டு வாசனை, புது நெய் விளக்கின் வாசனை. வாசலில் ஒரு நரைத்த பெண் சல்லடையில் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா?"

"கன்னியப்பன்."

சல்லடை நின்றது. சாம்பல் மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேர இன்னைக்கு இங்க சொல்லாத."

"அக்கா" என்றான். இருபத்தாறு வருஷமாக யாரையும் அவன் அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. குரல் அவனுடையது போலவே இல்லை. தகரத் துண்டைச் சொன்னான். பாதிப் பாதிக் கஞ்சியைச் சொன்னான். சட்டி விளிம்பு உடைந்திருந்ததையும், உடைந்த பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டு நல்ல பக்கத்தை அவனுக்குத் திருப்பியதையும் சொன்னான். தாயம்மா எழுந்து வந்து சாம்பல் கையாலேயே அவன் முகத்தைத் தடவினாள்.

"உயிரோடவா கீற? நீ உயிரோடவா கீற?"

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சந்தோஷத்தில் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவன் முகத்தையே பார்த்தாள். ஆனால் நடுவில் நடுவில் அவள் கண் உள்ளறைப் பக்கம் போய்ப் போய் வந்தது.

பெற்ற மூன்றும் போனதையும், மங்கம்மாவுக்கு இப்போது ஒன்பதாம் மாதம் என்பதையும் சொல்லி, பேர்களைக் கேட்டான். அவள் தயங்கி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பன் எல்லப்பன். ஆத்தாள் காத்தாயி. பாட்டன் திம்மராயன். பாட்டி பூங்காவனம். அவன் குந்தி உட்கார்ந்து, நோட்டை முட்டியின்மேல் வைத்து, எழுத்தெழுத்தாக எழுதினான். எல்லப்பன் என்று எழுதி முடித்ததும் கண்ணீர் மறைத்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினான். அவனுக்கும் ஒரு அப்பன் இருந்திருக்கிறான். அவனுக்கும் ஒரு பேர் இருந்திருக்கிறது.

உள்ளறையில் ஐந்து இலை போட்டிருந்தது. சன்னல் இல்லாத அறை. நாலு பெரிய தலைவாழை இலை. சுவரை ஒட்டி ஐந்தாவதாக ஒரு சின்ன இலை, அதில் மட்டும் கஞ்சி. தாயம்மா இலைகளைச் சுற்றித் தரை முழுவதும் சலித்த சாம்பலைத் தூவிக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தாள். வந்தவர்களின் காலடி அதில் தெரியும் என்று லைனிலும் செய்வதுதான்.

"அந்தக் கடைசி இலைய எடுத்துடு அக்கா. நான்தான் வந்துட்டேனே."

அவள் அதை எடுக்கவில்லை. ஐந்து பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள். ஐந்தாவதாகக் கன்னியப்பன் என்றாள். கதவை இழுத்துச் சாத்தி, அதற்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, அவனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வெளியே உச்சி வெயிலில் ஒரு காக்கை கூட இல்லை. ஏரிப் பக்கம் ஆட்டுக்குட்டி ஒன்று கத்திவிட்டு நின்றது. அதற்குப் பிறகு, முதுகுக்குப் பின்னால், மரப்பலகைக்கு அந்தப் பக்கம், ஈரமான ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாய் நக்குவது போல இருந்தது. ஆனால் நாய் மூச்சு விடாமல் நக்காது. விரலால் வழித்து, வாயில் வைத்து, உறிஞ்சி, மறுபடி வழிக்கும் சத்தம்.

கன்னியப்பன் எழப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காரு. அவன் சாப்பிடறான்."

"யாரு?"

"என் தம்பி." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கஞ்சித் தொட்டியில ஒரு ராத்திரி, என் மடியிலயே அடங்கிட்டான். விடிஞ்சா தகரத்தப் பாத்துதான் கஞ்சி ஊத்துவாங்க. ஒரு தகரத்துக்கு ஒரு கரண்டி. எனக்கு ஒரு கரண்டி பத்தல. பக்கத்துல ஒரு புள்ள கெடந்துச்சு, யாருமில்லாம. தகரமும் இல்ல அதுக்கு. தம்பி கழுத்துல இருந்தத அவுத்து அது கழுத்துல கட்டிட்டேன். பேர் கேட்டா கன்னியப்பன்னு சொல்லு, என்னை அக்கான்னு கூப்புடுன்னு சொல்லிக் குடுத்தேன். கரண்டி வாங்கினு வந்தா பாதி உனக்கு, பாதி எனக்கு."

உள்ளே சத்தம் நிற்கவில்லை.

"அவன் ஒடம்பு சில்லுனு ஆவல அப்போ. அதுக்குள்ள பேர எடுத்துட்டேன். பேரில்லாமதான் ஏரிக்கரையில பொதைச்சேன். நாப்பது நாளு நீ எனக்கு கஞ்சி வாங்கிக் குடுத்த. அப்புறம் தொட்டிய மூடிட்டாங்க. கூட்டத்துல நீ எங்க போனன்னு நான் தேடக்கூட இல்ல."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அப்போ நான் யாரு அக்கா?"

"தெரியாது கண்ணு. நான் உன்னைக் கேக்கவே இல்ல."

கையில் நோட்டு திறந்தே இருந்தது. நாலு பேர். அவனே எழுத்தெழுத்தாக எழுதியது. எல்லப்பன் அவனைப் பார்த்ததே இல்லை. காத்தாயி அவனைப் பெறவில்லை. அவனைப் பெற்றவள் ஏதோ ஒரு சாலையோரத்தில் கிடந்திருப்பாள். அவளை எந்தப் பேர் சொல்லி எவன் கூப்பிடுவான்? அவன் வைத்திருந்த ஒரே பேரும் இன்னொருவனுடையது. அந்தப் பேரில் தினமும் ஒரு கரண்டி குடித்து வளர்ந்தவன் அவன். பேருக்கு உரியவன் ஆறு வயதோடு, அதே பசியோடு, கதவுக்கு அந்தப் பக்கம் இலையை வழித்துக்கொண்டிருக்கிறான். செத்துப்போன தன் மூன்று குழந்தைகளின் வாயும் அவனுக்கு நினைவு வந்தது. திறந்து, மூடி, திறந்து.

பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. திரும்பி, பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு, தாயம்மா தடுப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"தம்பி. உன் கஞ்சிய நான் குடிச்சிட்டேன். என் வூட்டுக்கு வா. அங்க பால் கீது."

அவள் இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள். "பாவி! புள்ளத்தாச்சி இருக்கற வூட்டுக்கா கூப்புட்ட? படையல்ல வான்னு சொல்லுவாங்களா? சோறு போட்டு, அழுது, அனுப்பிதான் வெப்பாங்க!"

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் அவள் கதவைத் திறந்தாள். நாலு பெரிய இலைகளும் போட்டது போட்டபடி இருந்தன. அவற்றைச் சுற்றிச் சாம்பல் கலையவில்லை. "அவங்க ஒருநாளும் வந்ததில்ல. வர்றது இவன் மட்டுந்தான்" என்றாள். பின்சுவரிலிருந்து சின்ன இலைவரை சின்னச் சின்னப் பாதங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே வழியாகச் சுவருக்குத் திரும்பிப் போகுமாம். இன்று திரும்பிப் போகவில்லை. இலையிலிருந்து நேரே கதவுக்கு வந்திருந்தன. கதவுக்கு ஒட்டினாற்போல் இரண்டு பாதங்கள் சேர்ந்தாற்போல் பதிந்திருந்தன, வெளியே பார்த்தபடி. அவன் நெற்றியை வைத்திருந்த இடத்துக்கு நேரே.

"போ. ஓடு" என்றாள் தாயம்மா. "எழுதினதக் கிழிச்சுப் போட்டாலும் சரி, வெச்சுக்கினாலும் சரி. கூப்பிட்டா வரமாட்டாங்க அவங்க. அவங்க பெத்த பொண்ணு எனக்கே வரல, உனக்கா வரப்போறாங்க?" சொல்லிக்கொண்டே அழுதாள்.

திரும்பும் வழியில் வெயில் சாய்ந்து, அவன் நிழல் முன்னால் நீண்டு விழுந்தது. வண்டித் தடத்துப் புழுதி மாவு மாதிரி மெத்தென்று இருந்ததால் அவன் காலடியே அவனுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் மற்றது கேட்டது. அவன் ஒரு அடி வைத்தால் மூன்று அடி வைக்கும் வெறுங்கால். அவன் நின்றால் அது ஒரு அடி தாமதமாக நின்றது. கொல்லையில் காற்றே இல்லை. கேழ்வரகுக் கதிர்கள் அசையவில்லை. எங்கிருந்தோ, பழைய கஞ்சி தொட்டியில் புளித்துப் போன வாடை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பங்காருபேட்டை கேட்டில் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள் அவனை அதட்டினான். "இன்னாய்யா மனுசன் நீ? புள்ளைய தூக்கிக்கோ. நடக்க மாட்டாம வருது பாரு."

அப்போது திரும்பினான். காலியான சாலை. கேட்காரன் அவன் இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஓடினான். தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் சாயங்கால வெளிச்சத்தில் வெள்ளையாக எழுந்து நின்றன. மூச்சு முட்டியது. மின்சார விளக்குகள் தூரத்தில் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அவன் சுண்டுவிரலை ஏதோ தொட்டது. சில்லென்று. பற்றியது. உதறினான். மறுபடி பற்றியது.

"வேணாம்டா. வராத. நான் தெரியாம சொல்லிட்டேன்."

லைன் வந்தது. முதல் குடிசை. இரண்டாவது. எல்லாக் குடிசையிலும் படையல் வாசனை. அவன் குடிசையில் மட்டும் இருட்டு. உள்ளே பெண்களின் குரல். மங்கம்மா முக்கும் சத்தம்.

விரலை விட்டுவிட்டது அது.

அவனைத் தாண்டி ஓடிற்று. டப் டப் டப் என்று. வெறுங்கால். வாசல் தட்டி ஒருமுறை உள்ளே தள்ளி அசைந்தது. காற்றில்லை.

குழந்தை அழுதது.

அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். மருத்துவச்சி வெளியே வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஆம்பளப் புள்ளடா. கெட்டிப் புள்ள. வந்ததும் வராததுமா வாயத் தேடுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றப் பெண்களும் அவரவர் வீட்டுப் படையலுக்குப் போனார்கள்.

உள்ளே மங்கம்மா சுவரில் சாய்ந்து குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். வேர்த்த முகத்தில், மூன்று பெற்றபோதும் அவன் பார்க்காத ஒரு சிரிப்பு.

"பாருய்யா, எப்படி குடிக்குதுன்னு. மத்தது மூணும் இப்படியா குடிச்சது? இது நின்னுடும்." மூச்சு வாங்கினாள். "பேரு கொண்டாந்தியா? உங்க அப்பா பேரையே வெச்சிடலாம். சொல்லு, இன்னா பேரு?"

அவன் நோட்டைத் திறக்கவில்லை. விளக்கை எடுத்துக் கிட்டே கொண்டுபோனான். பழந்துணியை விலக்கினான். மருத்துவச்சி வெந்நீரில் குளிப்பாட்டித் துடைத்த உடம்பு, சிவந்து பளபளத்தது. உள்ளங்கால் இரண்டும் மட்டும் வெளுத்திருந்தன. கட்டைவிரலால் தேய்த்தான். மாவு மாதிரி விரலில் ஒட்டியது. சாம்பல். துணியை நனைத்துத் துடைத்தான். போயிற்று. வேறு பக்கம் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தான். இருந்தது.

"போதும் மங்கா. கொஞ்சம் எடுத்துக் கீழ போடு. உனக்கு முடியாது."

"போய்யா. பசியோட வந்துகீது. குடிக்கட்டும்."

விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. ஊற்றினான். ஷிப்ட் மாறும் சங்கு ஊதி ஓய்ந்தது. எண்ணெய் மறுபடி தீர்ந்தது. மறுபடி ஊற்றினான். திரி எழுந்து எரிந்தபோது, மங்கம்மாவின் கன்னத்தில் முன்பு இல்லாத குழி விழுந்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. தோள் எலும்பு சேலைக்கு வெளியே தெரிந்தது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சத்தமில்லாமல் அவள் வாய், திறந்து மூடியது.

குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.